தேய்ந்த விளிம்பும் மாற்றிய பலகையும்: நம் கடலோடிகளின் மரக்கலப் பராமரிப்பு வரலாறு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

பழைய பாய்மரப் படகு ஒன்றைத் துறையில் கண்டால் நம் கண் முதலில் பாய்மரத்தின் உயரத்தை அளக்கும்; பிறகு பாயின் அகலத்தையும் அணியத்தின் வளைவையும் நோக்கும். படகின் மேல்விளிம்பை ஒட்டி, பக்கவாட்டில் நீளவாக்கில் ஓடும் தடித்த மரச்சட்டத்தை எவரும் கவனிப்பதில்லை. துறைமேடையின் கல்லிலும், அருகில் நிற்கும் படகின் உடலிலும், நங்கூரக் கயிற்றிலும் உரசி உரசித் தேய்வதற்கென்றே அச்சட்டம் பொருத்தப்பட்டிருக்கிறது. படகின் உடற்பலகை அடிபடாதிருக்க அது தன்மேல் அடியை வாங்கிக்கொள்கிறது. தேய்ந்துபோனால் அதைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்துவர். இந்த உராய்வுக் கட்டைக்குப் பெருமை இல்லை. ஆனால் அதனைக் கவனியாமல் விட்டவனின் படகு நெடுநாள் நிற்பதில்லை.

இஸ்லாமியக் கடல் வரலாற்றை நாம் பெரும்பாலும் வணிகத்தின் வரலாறாகவும், பயணிகளின் வரலாறாகவும், மார்க்கம் கடல்கடந்து பரவிய வரலாறாகவுமே படித்து வந்துள்ளோம். மிளகும் குதிரையும் முத்தும் பட்டும் பேசப்பட்ட அளவுக்கு, அவற்றைச் சுமந்த மரக்கலங்களை ஆண்டுதோறும் கரையேற்றி, நைந்த பலகையை மாற்றி, எண்ணெய் பூசி, மீண்டும் கடலில் இறக்கிய கைகள் பேசப்படவில்லை. இக்கட்டுரையில் அந்தக் கைகளின் வரலாற்றைச் சிறிது நினைவுகூர விழைகிறோம். மனித உயிரை அமானிதமாக ஏற்றுக்கொண்டவர் அதனை எவ்வாறு காத்தனர், எங்கே தவறினர் என்பதும் இவ்வரலாற்றின் பகுதியே.

வேதமும் நபிமொழியும் காட்டும் மரக்கலம்

திருக்குர்ஆன் நூஹ் (அலை) அவர்களின் கப்பலைப் பற்றிப் பேசும்போது, ஸூரா அல்-கமரின் 13ஆம் வசனத்தில், அதைக் கப்பல் என்று பெயர் சொல்லாமல், எவற்றால் ஆனதோ அவற்றைக் கொண்டே அடையாளப்படுத்துகிறது: பலகைகள் உடையது, 'துஸுர்' உடையது. துஸுர் என்னும் சொல்லுக்கு ஆணிகள் என்று விரிவுரையாளர்களில் பலர் பொருள் கூறினர். பலகைகளைப் பிணைக்கும் நார்க்கயிறு என்ற பொருளும் அரபு அகராதிகளில் இடம்பெறுகிறது. அரபுக் கடலில் தைத்த கப்பல்களே மிகுதியாக ஓடிய காலத்தை எண்ணிப் பார்க்கையில், இவ்விரண்டாம் பொருளும் அந்நாளைய கடலோடிகளுக்கு அயலாக இருந்திராது.

ஸூரா அல்-கஹ்ஃபில் வரும் மூஸா (அலை), கிள்ரு (அலை) ஆகியோரின் நிகழ்ச்சி நாம் வெள்ளிதோறும் ஓதுவதே. கடலில் உழைத்துப் பிழைக்கும் ஏழைகளின் படகில் ஏறியபின் கிள்ரு (அலை) அதனைச் சேதப்படுத்துகிறார். பழுதற்ற படகுகளையெல்லாம் பறித்துக்கொள்ளும் அரசன் ஒருவன் அப்பால் இருந்தான் என்பதே காரணம். ஓதி முடித்ததும் நம்மில் பலர் ஒரு கேள்வியை எழுப்ப மறந்துவிடுகிறோம்: அதன்பின் அந்த ஏழைகள் என்ன செய்தார்கள்? ஸஹீஹ் முஸ்லிமில் உபை இப்னு கஅப் (ரலி) வழியாக வரும் அறிவிப்பு அதற்கு விடை தருகிறது. அரசனின் ஆள் அப்படகைத் துளைபட்டதெனக் கண்டு விட்டுச்செல்வான். உரியவர்கள் ஒரு மரத்துண்டைக் கொண்டு அதனைச் சீர்செய்துகொள்வார்கள். ஸஹீஹுல் புகாரியில் இடம்பெறும் அறிவிப்பில், அடைப்பதற்குக் கீல் பயன்பட்டதென்று சிலரும், ஒரு குப்பி பயன்பட்டதென்று சிலரும் கூறியதாக வருகிறது. படகு பறிபோயிருந்தால் வாழ்வே போயிருக்கும். பழுதானதோ ஒரு பலகை மட்டுமே. ஒரு மரத்துண்டால் ஈடுசெய்யத்தக்க இழப்பு, ஈடுசெய்ய இயலாத இழப்பைத் தடுத்தது.

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கும் மற்றொரு நபிமொழி புகாரியில் உள்ளது. ஒரு கப்பலின் மேல்தளத்திலும் கீழ்தளத்திலும் மக்கள் சீட்டுக் குலுக்கி இடம்பிடிக்கின்றனர். தண்ணீருக்காக அடிக்கடி மேலே செல்ல வேண்டியிருந்த கீழ்தளத்தார், மேலுள்ளோருக்குத் தொல்லை கொடுக்காமல் நம் பகுதியிலேயே ஒரு துளையிட்டுக்கொள்வோமே என எண்ணுகின்றனர். அவர்களைத் தடுக்காமல் விட்டால் அனைவரும் அழிவர். தடுத்தால் அனைவரும் பிழைப்பர். ஒரு பலகையின் நிலை கப்பலிலுள்ள ஒவ்வோர் உயிரின் நிலையும் ஆகும் என்பதைக் கடலோரத்தில் வாழும் நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

நாரால் தைத்த கப்பல்கள்

நபி (ஸல்) அவர்களின் காலத்துக்கு முன்பிருந்தே இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதியில் ஓடிய மரக்கலங்கள் பெரும்பாலும் ஆணியின்றித் தைக்கப்பட்டவை. பலகையின் ஓரத்தில் வரிசையாகத் துளையிட்டு, அடுத்த பலகையோடு சேர்த்து, தென்னை நார்க்கயிற்றை அத்துளைகளின் வழியே இழுத்து இறுக்குவர். பலகைகள் கூடும் இடத்தில் நாரை வைத்து அழுத்தி, துளைகளையும் அடைத்து, எண்ணெய் கலந்த பூச்சைப் பூசுவர். வங்குகள் எனப்படும் விலாக் கட்டைகளைப் பின்னரே உள்ளே வைத்துக் கட்டுவர்.

10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ஸீராஃப் நகரத்து அபூ ஸைத் ஒரு சுவையான செய்தியைத் தருகிறார். உமான் நாட்டுத் தச்சர்கள் தென்னை வளரும் தீவுகளுக்குத் தம் கருவிகளோடு செல்வார்கள். அங்கே மரத்தை வெட்டிப் பலகையாக்கி, நாரைத் திரித்துக் கயிறாக்கிக் கலத்தைத் தைத்து, பாய்மரமும் பாயும் தென்னையிலிருந்தே செய்துகொண்டு, இறுதியில் தேங்காயையே சரக்காக ஏற்றிக்கொண்டு திரும்புவார்கள். திமிங்கிலத்தின் கொழுப்பை வேறு சில பொருள்களோடு கலந்து கப்பலின் தையல் இடுக்குகளில் பூசுவதையும் அவர் குறிப்பிடுகிறார்.

ஏன் தைத்தார்கள்? இப்னு பதூதா தரும் விளக்கம் நடைமுறை அறிவைச் சார்ந்தது. இக்கடலில் பாறைகள் மிகுதி. இரும்பாணி அடித்த கப்பல் பாறையில் மோதினால் உடையும். தைத்த கப்பல் நெகிழ்ந்து கொடுத்துத் தப்பும். இன்னொரு நன்மையையும் நாம் சேர்த்துக்கொள்ளலாம். தைத்த கலத்தில் ஒரு பலகை கெட்டால் அதன் கயிற்றை மட்டும் அறுத்து, பலகையை எடுத்து, புதியதை அதே துளைகளுக்கு நேராகத் துளையிட்டுத் தைத்துவிடலாம். இரும்பாணியோ உப்புநீரில் துருப்பிடித்துத் தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுத்துவிடும். பிடுங்கும்போது பக்கத்துப் பலகையையும் பிளந்துவிடும். தைத்த கப்பல் பழுதுபார்ப்பதற்கு இசைவானது. அந்த இசைவுக்கு ஒரு விலையும் உண்டு. கயிறு நைந்துகொண்டே இருக்கும். எனவே அதைக் காலந்தோறும் சோதித்துப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கத் தவறினால் தைத்த கப்பலைப் போல ஆபத்தானது வேறில்லை.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹுர்முஸ் துறைமுகத்தைக் கண்ட மார்க்கோ போலோ, அங்குள்ள தைத்த கப்பல்களை மிகவும் இழித்துரைத்தார். ஆணியும் கீலும் இல்லாத அவற்றில் பல மூழ்கிவிடுகின்றன என்றார். அயலவரின் ஏளனம் என்று இதனைத் தள்ளிவிட நமக்கு வழியில்லை. ஏனெனில் அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, ஹஜ்ஜுக்குச் சென்ற ஒரு முஸ்லிம் இதனினும் கடுமையாக எழுதியிருக்கிறார்.

ஐதாபின் கப்பல் உரிமையாளர்கள்

அந்தலூஸைச் சேர்ந்த இப்னு ஜுபைர் 1183ஆம் ஆண்டில் செங்கடலின் மேற்குக் கரையிலிருந்த ஐதாப் துறைமுகத்தை அடைந்தார். அங்கிருந்து ஜித்தாவுக்கு ஹாஜிகளைக் கொண்டுசென்ற 'ஜிலாப்' என்னும் மரக்கலங்களை அவர் உன்னிப்பாக நோக்கி எழுதியுள்ளார். அவற்றில் ஆணி இல்லை. தென்னை நார்க்கயிற்றால் தைக்கப்பட்டவை. பேரீச்ச மரத்தின் குச்சிகளை ஆப்பாகச் செருகியிருந்தனர். மரம் இந்தியாவிலிருந்தும் யமனிலிருந்தும் வந்தது. தைத்து முடிந்ததும் நெய்யையோ ஆமணக்கெண்ணெயையோ சுறா எண்ணெயையோ பூசுவர். மூன்றிலும் சுறா எண்ணெயே சிறந்தது. பவளப் பாறைகள் நிறைந்த அக்கடலில் மரம் மென்மையாகி நெகிழ்ந்து கொடுக்க வேண்டும் என்பதே எண்ணெய் பூசுவதன் நோக்கம் என்கிறார்.

இதுவரை தொழிலறிவு. இதன்பின் அவர் எழுதுவது நம் உள்ளத்தை வருத்துவது. கப்பல் உரிமையாளர்கள் ஹாஜிகளைக் கூண்டில் அடைத்த கோழிகளைப் போல ஒருவர்மேல் ஒருவராக ஏற்றினர். ஒரே பயணத்தில் கப்பலின் விலை முழுவதையும் ஈட்டிவிட வேண்டும். அதன்பின் கடல் அதனை என்ன செய்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை. கப்பலைத் தருவது எம் வேலை, உயிரைக் காத்துக்கொள்வது ஹாஜிகளின் வேலை என்ற கருத்துப்படத் தம்மிடையே பேசிக்கொள்வார்களாம். இப்னு ஜுபைரின் சொந்தக் கடற்பயணத்திலும் புயல் வந்தது. பாயை ஏற்றும்போதும் இறக்கும்போதும் நலிந்த கயிறுகள் மீண்டும் மீண்டும் அறுந்தன.

இங்கே எண்ணிப் பார்க்கத்தக்கது ஒன்றுண்டு. தைக்கும் தொழில்நுட்பத்தில் குறையில்லை. சுறா எண்ணெயின் பயன் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. குறை அமானிதத்தில் இருந்தது. ஒரு பயணத்தோடு இலாபம் கிடைத்துவிடும் என்றால், அடுத்த பயணத்துக்கான கயிற்றை எவன் மாற்றுவான்? பராமரிப்பு என்பது எதிர்காலத்தை நம்புபவனின் செயல்; பிறர் உயிரைத் தன் பொறுப்பாகக் கருதுபவனின் செயல். அல்லாஹ்வின் இல்லத்துக்குச் செல்வோரை ஏற்றிய கப்பலிலேயே அது இல்லாமற்போனது என்பதை இப்னு ஜுபைர் மறைக்காமல் எழுதிவைத்தமைக்கு நாம் அவருக்குக் கடமைப்பட்டுள்ளோம்.

மஅபர் கரையில் ஓர் இரவு

நம் கரையோடு தொடர்புடைய நிகழ்ச்சி ஒன்று. 1344ஆம் ஆண்டில் இப்னு பதூதா இலங்கையிலிருந்து மஅபர் எனப்பட்ட சோழமண்டலக் கரையை நோக்கிப் புறப்பட்டார். அப்போது மதுரையில் சுல்தான் கியாஸுத்தீன் தாமகானீ ஆட்சி செய்தார். இருவரும் திருமண உறவினர். காற்று மிகுந்தது, கப்பலில் நீர் ஏறியது, கலம் ஆழமற்ற பகுதியில் சிக்கிக்கொண்டது. பாய்மரத்தை வெட்டிப் போட்டார்கள். மாலுமிகள் மரங்களைப் பிணைத்து ஒரு தெப்பம் செய்தார்கள். இப்னு பதூதா தம்மோடு வந்தவர்களை அதில் முதலில் அனுப்பிவிட்டு, தாம் கப்பலின் பின்பகுதியில் இரவு முழுவதும் தங்கினார். காலையில் இக்கரை மக்கள் படகில் வந்து அவரைக் கரைசேர்த்தனர். அவர்கள் முஸ்லிம்கள் அல்லர். கடலில் தவிப்பவரை மீட்பதற்கு அவர்கள் மார்க்கம் வினவவில்லை.

உடைந்த கப்பலின் மரமே தெப்பமாகி உயிர் காத்தது. கடலோடிக்கு மரத்தைப் பிணைக்கும் அறிவு துறையில் மட்டுமன்று, நடுக்கடலிலும் தேவைப்பட்டது. அக்காலத்து நீண்ட பயணங்களில் பலகையைச் சீர்செய்யவும், பாயைத் தைக்கவும், கயிறு திரிக்கவும் அறிந்தவர்கள் இல்லாமல் கப்பல் புறப்படாது.

கரையேற்றும் பருவம்

16ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு பெரிய அரபு மரக்கலங்களில் இரும்பாணி படிப்படியாகப் பரவியது. ஆயினும் பராமரிப்பின் ஒழுங்கு மாறவில்லை. வளைகுடாவில் கலத்தைக் கடல்நீர் வற்றும் நேரத்தில் மணலில் ஏற்றி நிறுத்துவர். அடிப்பகுதியில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் சுரண்டுவர். பலகைகளின் இடுக்கில் எண்ணெயில் ஊறிய பஞ்சைச் செலுத்தி உளியால் அடிப்பர். நீருக்குக் கீழிருக்கும் பகுதியில் சுண்ணாம்பையும் ஆட்டுக்கொழுப்பையும் குழைத்துக் கையாலேயே பூசுவர். மரத்தைத் துளைக்கும் கடற்புழுவுக்கு அது தடையாகும். நீருக்கு மேலிருக்கும் பகுதிக்குச் சுறா எண்ணெய். அதன் நாற்றம் பொறுக்கவொண்ணாதது என்பர். ஆனால் வெயிலில் மரம் வெடிக்காமல் அதுவே காத்தது. ஆணியை அடிக்கும்போதும் அதன் தலையடியில் எண்ணெயில் தோய்த்த நாரைச் சுற்றியே அடிப்பர்.

ஆஸ்திரேலியரான ஆலன் வில்லியர்ஸ் 1938, 1939ஆம் ஆண்டுகளில் குவைத்தைச் சேர்ந்த 'பயான்' என்னும் மரக்கலத்தில், நகுதா அலீ இப்னு நாஸிர் அந்-நஜ்தீயின் தலைமையில், கிழக்கு ஆப்பிரிக்கா வரை சென்று திரும்பினார். அவர் பதிவுசெய்த உலகம், எஞ்சினும் எண்ணெய் வளமும் வருவதற்குச் சற்று முந்தைய உலகம். அதன்பின் ஒரு தலைமுறைக்குள் அது மறைந்தது.

நம் கரையில்

மரக்காயர் என்னும் பெயரை மரக்கலத்தோடு தொடர்புபடுத்துவது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கும் விளக்கம். காயல்பட்டினம், கீழக்கரை, பரங்கிப்பேட்டை, நாகூர், நாகப்பட்டினம் ஆகிய ஊர்களிலிருந்து நம் முன்னோரின் கலங்கள் இலங்கைக்கும் மலாய் நாட்டுக்கும் சுமத்ராவுக்கும் சென்றன. உமறுப் புலவரை ஆதரித்த கீழக்கரை வள்ளல் சீதக்காதி கடல் வணிகரே. அவர்களின் வண்மையைப் பாடிய புலவர்கள் பலர். அவர்களின் கலங்களைச் செப்பனிட்ட ஓடாவிகளை நினைப்போர் எவர்? ஓடாவி என்னும் அழகிய சொல்லே இன்று நம் பிள்ளைகளுக்குத் தெரியாது.

சொற்கள் வரலாற்றைச் சுமந்து நிற்கின்றன. மாலுமி என்னும் சொல் 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. கடல்வழி கற்பிப்பவர் என்பது பொருள். நங்கூரம் பாரசீகத்தோடு உறவுடையது. பலகை இடுக்கில் பஞ்சோ நாரோ வைத்து அடைப்பதை நாம் கலப்பத்து என்கிறோம்; குவைத்திலும் பஹ்ரைனிலும் மரக்கலத் தச்சரைக் 'கல்லாஃப்' என்றனர். இவ்விரு சொற்களின் ஒலிநெருக்கம் கவனிக்கத்தக்கது. ஏரா, வங்கு, அணியம் முதலியனவோ தமிழ்க் கடலோடியின் சொந்தச் சொற்கள். ஒரே கலத்தில் இவ்வளவு மொழிகளும் ஒன்றாகப் பயணம் செய்தன.

சென்னையில் துறைமுகம் அமையாத காலத்தில், கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, ஆட்களையும் சரக்கையும் அலையூடே கரைசேர்த்தவை மசூலாப் படகுகள். அவையும் கயிற்றால் தைத்தவையே. ஐரோப்பியரின் திண்மையான படகுகள் அலையில் சிதறிய இடத்தில் மசூலா வளைந்து கொடுத்து நின்றது. ஏறத்தாழ 19ஆம் நூற்றாண்டின் இறுதி வரை அது தேவைப்பட்டது.

நாகூர் ஷாஹுல் ஹமீது (ரஹ்) அவர்களைப் பற்றி வழங்கும் மரபுச் செய்தி ஒன்றையும் நம்மில் பலர் இளமையில் கேட்டிருப்போம்: நடுக்கடலில் ஓட்டை விழுந்து மூழ்கவிருந்த கப்பலை அவர்கள் எறிந்த கண்ணாடி சென்று அடைத்ததென்பது. இத்தகைய செய்திகளை ஏற்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்விவாதத்துக்குள் நாம் புகவில்லை. ஆயினும், கடலோர மக்களின் உள்ளத்தில் எவ்வகை அச்சம் குடியிருந்தது என்பதற்கு இது சான்று. ஓட்டை விழுந்த பலகையே அவர்களின் இரவுகளைக் கலைத்த நினைவு.

தேய்ந்த கட்டையை எவ்வாறு மீட்பது?

இனி உராய்வுக் கட்டைக்கே வருவோம். உலகெங்கும் இன்று பழைய பாய்மரப் படகுகளைச் செப்பனிடுவோர் கைக்கொள்ளும் முறை, நம் ஓடாவிகளின் அறிவிலிருந்து வெகுதூரம் விலகியதன்று.

முதலில் அறியவேண்டியது, கேடு பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை என்பது. உராய்ந்து தேய்ந்த முகம் கண்ணுக்குப் புலப்படும். அது அவ்வளவு ஆபத்தில்லை. கட்டைக்கும் படகின் உடலுக்கும் இடையே மழைநீர் புகுந்து தங்குவதே ஆபத்து. கடல்நீரைவிட நன்னீரே மரத்தை விரைவில் உளுக்கச் செய்யும். வெளியே வார்னிஷ் பளபளக்க, உள்ளே பலகை மாவாகிக் கிடப்பதுண்டு. ஆகவே அனுபவமுள்ளவர் கட்டையை நோக்குவதோடு நில்லாமல், சிறு சுத்தியலால் தட்டி ஓசையைக் கேட்பார். கூர்முனையால் மெல்லக் குத்திப் பார்ப்பார். நல்ல மரம் கணீரென ஒலிக்கும். உளுத்த மரம் மந்தமாக ஒலிக்கும்.

தேய்வு மேற்பரப்பில் மட்டும் என்றால் சீவி, தேய்த்து, எண்ணெயோ வார்னிஷோ பூசினால் போதும். ஒரு பகுதி மட்டும் கெட்டிருந்தால், அப்பகுதியை நீக்கிப் புதிய மரத்தை இணைக்கலாம். நேராக வெட்டி முட்டவைத்தால் இணைப்பு நில்லாது. இரு முனைகளையும் நீண்ட சரிவாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்று படியவைக்க வேண்டும். மரத்தின் கனம் ஒரு பங்கென்றால் சரிவின் நீளம் எட்டுப் பங்குக்குக் குறையாதிருத்தல் நன்று. பன்னிரண்டு பங்கு வரை செல்வோரும் உண்டு. சரிவு நீளும்போது பசை பற்றும் பரப்பு கூடுகிறது. பழையதும் புதியதும் ஒன்றாக வளையும்.

முழுவதும் கெட்டிருந்தால் கழற்றவேண்டியதுதான். கழற்றிய பழைய கட்டையை உடனே எறிந்துவிடக் கூடாது. அதுவே புதியதற்கு அளவுகோல். படகின் உடலிலுள்ள பழைய துளைகளை மர ஆப்பாலும் பசையாலும் அடைத்து, ஈரம் முற்றிலும் உலரவிட வேண்டும். ஈரத்தின் மேல் பூசுவது நோயை மூடிவைப்பதாகும். புதிய மரத்தை வளைக்க நீராவியில் வைப்பர். மெல்லியதாயின் குளிர்ந்த நிலையிலேயே சிறிது சிறிதாக இழுத்து வளைப்பர். அடியில் நீர்புகாப் பசையைத் தாராளமாக இட்டு, துருப்பிடிக்காத வெண்கலத் திருகாணிகளால் இறுக்கி, அவற்றின் தலைகளை அதே மரத்தின் சிறு குமிழ்களால் மூடுவர். குமிழின் மரவரியும் கட்டையின் மரவரியும் ஒரே திசையில் ஓட வேண்டும் என்பதில் தச்சர்கள் மிகக் கண்டிப்பானவர்கள்.

திரும்பி வந்த கப்பல்கள்

உமானின் ஸூர் நகரம் மரக்கலம் கட்டுவதில் நெடும்புகழ் உடையது. அங்கே 1951ஆம் ஆண்டில் கட்டப்பட்ட 'ஃபத்ஹுல் கைர்' என்னும் பெருங்கலம் பிற்காலத்தில் விற்கப்பட்டு யமனைச் சேர்ந்தது. ஸூர் மக்கள் தம்மிடையே பொருள் திரட்டி, 1993இல் அதனை விலைகொடுத்து வாங்கித் தம் ஊருக்குக் கொண்டுவந்தனர். செப்பனிட்டுக் கரையில் நிறுத்தினர். அரசின் ஆணையை எதிர்பாராமல் ஓர் ஊர் தன் முன்னோரின் கைவேலையை மீட்டெடுத்த நிகழ்ச்சி இது.

அதே ஸூரில் 1980இல் டிம் செவெரின் என்பாரின் பயணத்துக்காக 'ஸுஹார்' என்னும் தைத்த கப்பல் கட்டப்பட்டது. மரம் மலபாரிலிருந்து சென்றது. தைக்கும் அறிவு இலட்சத்தீவு முஸ்லிம்களிடமிருந்து சென்றது. கப்பல் கட்டும் பணியில் முதன்மைப் பங்கு வகித்தவர் மினிக்காய் தீவைச் சேர்ந்த அலீ மணிக்ஃபான். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்தவர்; தமிழகத்தில் நெடுங்காலம் வாழ்ந்தவர்; பின்னாளில் பத்மஸ்ரீ விருது பெற்றவர். ஆணியே இல்லாத அக்கப்பல் மஸ்கத்திலிருந்து புறப்பட்டு 1981இல் சீனத்தின் குவாங்சோவை அடைந்தது. பள்ளிப் படிப்பைத் தொடராத ஒருவர், தம் தீவின் கைவினையைக் கொண்டு, மறைந்துவிட்டதாகக் கருதப்பட்ட ஒரு தொழில்நுட்பத்தை உலகின்முன் நிறுத்தினார்.

1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தைத்த கப்பலொன்று கடலடியில் கண்டெடுக்கப்பட்டது. சீனப் பாண்டங்கள் ஏறத்தாழ 60,000 அதில் இருந்தன. அதன் அமைப்பைப் பின்பற்றி உமானில் கட்டிய 'மஸ்கத்தின் மாணிக்கம்' என்னும் கலம் 2010 பிப்ரவரியில் புறப்பட்டு, கொச்சி, காலி, பினாங்கு வழியாக அவ்வாண்டு ஜூலையில் சிங்கப்பூரை அடைந்தது. நம் முன்னோர் சென்ற அதே வழி.

நமக்கு எஞ்சியிருப்பது

நம் ஊர்களில் பாய்மரத் தோணிகள் ஏறத்தாழ ஓய்ந்துவிட்டன. ஆனால் தோணியில் சென்றவர்களின் பிள்ளைகளும், கலப்பத்து வேலை அறிந்த முதியவர்களும் இன்னும் நம்மிடையே உள்ளனர். வரும் விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அத்தகைய ஒருவரிடம் அமர்வோம். எந்த மரத்தை எதற்குப் பயன்படுத்தினார்கள், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கரையேற்றினார்கள், எந்தப் பலகை முதலில் கெடும் என்று கேட்போம். அவர் சொல்லும் சொற்களை அப்படியே எழுதிவைப்போம். வீட்டுப் பரணில் பழைய கணக்கேடோ உளியோ கிடந்தால் பழைய பொருள் வாங்குவோரிடம் கொடுத்துவிடாமல் காப்போம். அவ்வறிவு ஒரு ஜனாஸாவோடு அடக்கமாகிவிடும் தொலைவில்தான் இருக்கிறது.

இன்று நாம் கப்பல் ஓட்டுவோராக இல்லாமலிருக்கலாம். ஆயினும் பள்ளிக்கூட வேனை ஓட்டுவோரும், ஹஜ் உம்ரா பயணிகளை அழைத்துச் செல்வோரும், வாடகைக்கு வீடு விடுவோரும், மதரஸாக் கட்டடத்தைப் பொறுப்பேற்றோரும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் ஒவ்வொருவர் கையிலும் பிறர் உயிர் இருக்கிறது. தேய்ந்த டயரும், விரிசல் விட்ட மாடித் தூணும், உறையுரிந்த மின்கம்பியும் ஐதாபின் நைந்த கயிற்றிலிருந்து வேறானவை அல்ல. மாற்றவேண்டியதை மாற்றாமல் வைத்துக்கொண்டு, அல்லாஹ் காப்பான் என்பது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டியபின் நம்பிக்கை வைக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம்.

நம் முன்னோரில் கடலில் சென்று திரும்பாதவர்களுக்கும், அவர்கள் பத்திரமாகத் திரும்பவேண்டும் என்று வெயிலில் நின்று பலகை மாற்றிய பெயர் தெரியாத தச்சர்களுக்கும் அல்லாஹ் அருள்புரிவானாக. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களை முறையாகக் காக்கும் நற்பேற்றை நமக்கும் நம் மக்களுக்கும் வழங்குவானாக. ஆமீன்.

வல்லாஹு அஃலம்.